மழைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டிய வாக்கியங்கள்: மலையகத்துக்கு எந்த வகை எச்சரிக்கை?

இலங்கையில் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள். 100 ஆனால் செம்மஞ்சள். 150-ஐத் தொட்டாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு, அதாவது உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகள் இவை. மழைமானியில் பதிவான எண்ணை ஒருவர் பார்த்து முடிவெடுக்கிறார். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் மலையகத் தேயிலைத் தோட்டத்தின் ஒரு லயத்து, அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின், வாசலுக்கு வர வேண்டும். இந்தப் பாதையில் எந்த இடத்தில் அந்தச் செய்தி தமிழாகிறது? இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

2025 நவம்பர் 28 அன்று கிழக்குக் கரையில் ஏறிய டித்வா புயலில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மலை மாவட்டங்கள் பெரும் அடி வாங்கின. எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தியும் சுருங்கியும் வந்தன என்ற முறைப்பாடு அந்த நாட்களில் பரவலாக எழுந்தது. அதற்கு முன்பு 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை காலை நேரத்தில் சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவித்தல் இருந்தும் அது ஆட்களை நகர்த்தவில்லை. மாற்றுக் காணி, வீடு, வேலை என்று அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. அவற்றை எச்சரிக்கை வாசகம் தீர்க்காது. ஆனால் மழை கொட்டும் அந்த ஒரு இரவில் உயிர் தப்புவது வாசகத்தின் கையில்தான் இருக்கிறது.

உரிமை பற்றி இங்கே வாதாடப் போவதில்லை. 1987-இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. சட்டம் இருக்கிறது. இல்லாதது வேலைமுறை. இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருக்கும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தமிழில் சரியான செய்தி போக வேண்டும். அதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை எடுப்பது?

எழுதுவதில் நான்கு வழிகள்

இன்றைக்குப் பெரும்பாலும் நடப்பது முதலாவது வழி: சிங்களத்தில் எழுதி, பிறகு ஒருவரைக் கொண்டு தமிழாக்கி வெளியிடுவது. இதில் நல்லது இல்லாமல் இல்லை. மனிதர் செய்கிறார், பொருள் பிசகுவது குறைவு. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அலுவலக நேரத்தில் இருப்பவர். மலை அலுவலக நேரம் பார்த்துச் சரிவதில்லை. அரச மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை ஊரறிந்த விஷயம். இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கடும் மழை நாளில் அறிக்கைகள் சில மணி நேரத்துக்கு ஒன்றாக வரும். முதல் அறிக்கையின் தமிழ் வெளிவரும்போது இரண்டாவது அறிக்கை சிங்களத்தில் வந்துவிட்டிருக்கும். அப்படியானால் தமிழ் வாசகர் நாள் முழுவதும் ஒரு அறிக்கை பின்னாலேயே இருக்கிறார். பக்கத்துக் கிராமம் சிவப்பில் இருக்கும்போது லயத்தில் இருப்பவர் இன்னும் மஞ்சளை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒரே மலையின் கீழ் இருக்கும் இரண்டு பேருக்கு இப்படி இரண்டு நிலவரம் போய்ச் சேருவது, எதுவும் போகாமல் இருப்பதைவிடக் கெட்டது. மஞ்சளை வாசித்தவர் தனக்குச் செய்தி வந்துவிட்டது என்று நம்பி இருந்துவிடுவார்.

இரண்டாவது, இயந்திர மொழிபெயர்ப்பு. மலிவானது, உடனடியானது, இரவிலும் தூங்காது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவை செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஸ்பானியம், சீனம், வியட்நாமியம், பிரெஞ்சு, சமோவன் ஆகிய மொழிகளில் வானிலை அறிக்கைகளைத் தரத் தொடங்கியது. மொழிபெயர்ப்பு நிறுவனத்துடனான ஒப்பந்தம் காலாவதியானதால் 2025 ஏப்ரலில் அந்தச் சேவை சில வாரங்கள் நின்றுபோனது. உயிர் காக்கும் வசதி ஒரு ஒப்பந்தக் கையெழுத்தில் தொங்கக்கூடாது என்பதற்கு இது போதிய சாட்சி. ஆனால் என் தயக்கம் அது மட்டுமல்ல. சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் இயந்திரத்துக்குக் கிடைத்த பயிற்சி நூல்கள் குறைவு. அது பெரும்பாலும் சரியாகத்தான் எழுதும். தவறும்போது எங்கே தவறும் என்பதைப் பாருங்கள்: ஊர்ப்பெயரில், எதிர்மறை வினையில், நேரத்தில். எச்சரிக்கையில் முக்கியமானவையும் அந்த மூன்றுதான். போங்கள் என்பது போகாதீர்கள் ஆகிவிட்டால் அதைத் திருத்த அந்த இரவில் யார் விழித்திருப்பார்? தமிழ் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இயந்திரம் நல்ல உதவியாள். அவர் இல்லாத இடத்தில் அதை நம்பி அனுப்புவது சரியில்லை.

மூன்றாவது வழியைத்தான் நான் ஆதரிக்கிறேன். வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி, இரு மொழியிலும் ஆங்கிலத்திலும் சரிபார்த்து, ஒப்புதல் வாங்கி வைத்துவிடுவது. அவசர நாளில் உத்தியோகத்தர் ஆபத்தைத் தேர்ந்தெடுத்து, இடத்தையும் நேரத்தையும் நிரப்பினால் மூன்று மொழியும் ஒன்றாக வெளியேறும். அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 2025 ஜனவரியில் ஆங்கிலத்தோடு 13 மொழிகளுக்கும் சைகை மொழிக்கும் இப்படியான ஆயத்த வாசகங்களை வகுத்தது. தொழில்நுட்பம் புதிதல்ல. சிஏபி எனப்படும் பொது எச்சரிக்கை நெறிமுறை 2004 முதல் இருக்கிறது. அதில் ஒரே எச்சரிக்கைக்குள் மொழிக்கு ஒன்றாகத் தனித்தனிப் பகுதிகளை வைக்கலாம். அவசரம் எவ்வளவு, கடுமை எவ்வளவு, எவ்வளவு உறுதி என்பவை குறியீடாக இருப்பதால் அவற்றை எந்த மொழியிலும் சொல்லிக்கொள்ளலாம். 2004 சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் சர்வோதயத் தொண்டு நிறுவனமும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் 32 கரையோரக் கிராமங்களில் எச்சரிக்கைச் சாதனங்களைப் பரீட்சித்தபோது, எந்தச் சாதனம் எத்தனை மொழியில் பேசும் என்பதையும் ஒரு அளவுகோலாக வைத்தார்கள். ஆகவே இதை இந்த நாட்டில் யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஆயத்த வாசகத்தின் இன்னொரு நன்மை, அமைதியான நாளில் உட்கார்ந்து நல்ல தமிழில் எழுதலாம் என்பது. வழக்கமான அறிவித்தல் நடை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: “தற்போது நிலவும் மழையுடனான காலநிலை தொடர்ந்து நீடிக்குமாயின் மண்சரிவு ஏற்படுவதற்கான வாய்ப்புகள் காணப்படுவதால், மலைச்சரிவுகளில் வசிக்கும் மக்கள் மிகுந்த அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.” இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வாசித்து முடித்த பிறகு எழுந்து எங்கே போவது? அவதானத்துடன் செயற்படுவது என்றால் கதவைத் திறந்து வைத்துப் படுப்பதா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதா? அதற்குப் பதிலாக இப்படி வைத்துப் பாருங்கள்: “சிவப்பு எச்சரிக்கை. மண் சரியும் ஆபத்து. இப்போதே வீட்டை விட்டு வெளியேறுங்கள்.” அதன் பின்னால் இரண்டு வெற்றிடங்கள்: எந்தப் பாடசாலைக்கு அல்லது கோயிலுக்குப் போவது, எந்த ஓடைப் பக்கம் போகக்கூடாது.

ஜப்பானில் இதைப் பாடமாகவே படித்தார்கள். 1995 ஹன்ஷின் நிலநடுக்கத்தில் ஜப்பானியம் சரியாகத் தெரியாத வெளிநாட்டவர் பட்ட பாட்டைப் பார்த்து, ஹிரோசாக்கிப் பல்கலைக்கழகத்தில் எளிய ஜப்பானிய நடை ஒன்றை உருவாக்கினார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு என்எச்கே தொலைக்காட்சி நிதானமான அறிவிப்பை விட்டு, ஓடுங்கள் என்று உரத்துக் கட்டளையிடும் நடைக்கு மாறியது. 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ நிலநடுக்கத்தின்போது அந்தக் குரலை உலகமே கேட்டது. எத்தனை மொழியில் சொல்கிறோம் என்பதோடு எப்படிச் சொல்கிறோம் என்பதும் சேர்ந்தால்தான் ஆள் எழுந்து நடக்கிறார்.

ஆயத்த வாசகத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. எதிர்பாராதது நடந்தால் அதற்கு வாக்கியம் இருக்காது. நீர்த்தேக்க வான்கதவு திடீரெனத் திறப்பது, பாலம் போனது, தஞ்சம் புக வைத்திருந்த பாடசாலையிலேயே வெடிப்பு விழுவது போன்றவற்றில் சிலவற்றை முன்பே யோசிக்கலாம், எல்லாவற்றையும் யோசிக்க முடியாது. அதற்கு 24 மணி நேரமும் அழைக்கக்கூடிய தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் சுழற்சி முறையில் இருந்தே ஆக வேண்டும். வாசகம் இருக்கிறதே என்று அந்தப் பதவியை வெட்டிவிடக்கூடாது.

அடுத்த சிக்கல் இடப்பெயர். இதுதான் உண்மையில் கடினம். எச்சரிக்கை “ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவும் அதனைச் சூழவுள்ள பகுதிகளும்” என்று வருகிறது. தோட்டத்தில் இருப்பவர் தன்னை அப்படி நினைத்துக்கொள்வதில்லை. அவருக்கு மேல்பிரிவு, கீழ்பிரிவு, பழைய லயம், பத்தாம் நம்பர் மலை. பல தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் சனங்களின் வாயில் இன்னொரு பெயரும் உண்டு. வாக்கியம் முழுக்கத் தமிழாக இருந்து, இடப்பெயர் மட்டும் யாருக்கும் புரியாமல் இருந்தால் அது அடுத்த ஊருக்கு வந்த செய்தி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வாசகங்களோடு சேர்த்துத் தோட்டப் பெயர், பிரிவுப் பெயர், லயத்தின் பெயர் எல்லாவற்றையும் மூன்று மொழியிலும் வழக்குப் பெயரோடு தொகுத்த பட்டியல் ஒன்று வேண்டும். இதைக் கொழும்பில் இருந்து செய்ய முடியாது. தோட்ட அலுவலகமும் ஆசிரியர்களும் சேர்ந்து தொகுக்க வேண்டியது.

நான்காவது வழி, சொல்லே இல்லாமல் எச்சரிப்பது: அபாயச் சங்கு, நிறம், படம். மொழிப் பிரச்சினையே எழாது என்பதால் பலருக்கு இது பிடிக்கும். சுனாமிக்குப் பிறகு நம் கரையோரங்களில் 77 எச்சரிக்கைக் கோபுரங்களை நிறுத்தினார்கள். கரையில் சங்குக்கு ஒரே பொருள்தான் இருக்கும், கடலை விட்டு ஓடு. மலையில் அப்படி இல்லை. 2023 ஓகஸ்ட்டில் ஹவாயின் மாவி தீவில் காட்டுத்தீ லஹைனா நகரத்தை எரித்தபோது அங்கிருந்த சங்குகளை ஒலிக்கவிடவில்லை. சனங்கள் சுனாமி என்று நினைத்து மலைப் பக்கம், அதாவது நெருப்பை நோக்கி ஓடிவிடுவார்கள் என்று பயந்தோம் என அதிகாரி விளக்கம் சொன்னார். தோட்டத்தில் சங்கு என்றால் தேயிலைத் தொழிற்சாலையின் வேலைச் சங்கு. ஒரு காலத்தில், காலையில் வேலைக்கு ஆள் திரளும் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிடத் தப்பு என்ற பறையை அடித்தார்கள். இன்ன அடிக்கு இன்ன பொருள் என்று கேட்டவருக்குத் தெரியும். பழக்கினால் ஒலி பேசும், பழக்காவிட்டால் வெறும் சத்தம். சங்கு ஆளை எழுப்பட்டும். எங்கே போவது என்று சொல்ல வாய் வேண்டும்.

எதன் வழியே அனுப்புவது

குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்வோம். எந்தப் பழைய கைத்தொலைபேசிக்கும் போகும், அழியாமல் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டலாம். ஆனால் ஆங்கில எழுத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் 70-க்குச் சுருங்கிவிடும். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்தில்லை. ‘மண்சரிவு’ நமக்கு ஐந்து எழுத்து. புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியே கணக்காவதால் இயந்திரத்துக்கு அது எட்டு. மேலே எழுதிய சிவப்பு எச்சரிக்கையின் மூன்று சின்ன வாக்கியங்கள், இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து 76. இடத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்பே ஒரு குறுஞ்செய்தி நிரம்பி வழிந்துவிட்டது. செய்தி துண்டாகும், துண்டுகள் தனித்தனியே பயணம் செய்யும், நெரிசலில் ஒன்று வந்து ஒன்று வராமலும் போகும். கூடவே இலக்கம் இலக்கமாக வரிசையில் அனுப்ப வேண்டும் என்பதால் இலட்சக்கணக்கானவருக்கு அனுப்பும்போது நேரம் ஓடும். செலவைக் குறைக்க யாராவது தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்பலாம் என்று யோசனை சொல்வார்கள். இளைஞர் வாசிப்பார்கள். லயத்துப் பாட்டி வாசிக்க மாட்டார்.

செல் புரோட்காஸ்ட் வேறு வகை. கோபுரத்தில் இருந்து அதன் கீழ் இருக்கும் எல்லாக் கைத்தொலைபேசிக்கும் ஒரே வீச்சில் போகிறது. இலக்கம் தெரிய வேண்டியதில்லை, நெரிசல் பாதிப்பதில்லை, சில விநாடிகளில் சேர்ந்துவிடும், சாதாரண மணியைப் போலன்றி உரத்த ஓசையோடு திரையை மறித்துக்கொண்டு நிற்கும். எல்லையைக் கோபுரத்தை வைத்து வரையறுக்கலாம் என்பதால் அம்பகமுவைக்கு அனுப்பியது அனுராதபுரத்தை எழுப்பாது. தமிழ் எழுத்திலேயே சுமார் 600 குறியீடுகள் வரை கொள்ளும். மூன்று மொழிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 200. மேலே சொன்ன வாசகமும் இடமும் போகுமிடமும் அதற்குள் தாராளமாக அடங்கும். இந்தியாவில் 2023-இல் தொலைத்தொடர்புத் துறை மாநிலம் மாநிலமாக இதைப் பரீட்சித்தது. ஒக்டோபரில் தமிழ்நாட்டில் கைத்தொலைபேசிகள் ஒன்றாக அலறியதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

குறை, சமிக்ஞை இல்லாத பள்ளத்தாக்குக்கு இது போகாது. மின்சாரம் நின்று கோபுரத்தின் மின்கலம் தீர்ந்த பிறகும் போகாது. அதனால் சிவப்புக்காகக் காத்திராமல் செம்மஞ்சளிலேயே முதல் செய்தி போக வேண்டும். மஞ்சளுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் அபிப்பிராயம். மழைக்காலத்தில் மஞ்சள் அடிக்கடி வரும். அடிக்கடி அலறும் கைத்தொலைபேசியில் அந்த வசதியையே அணைத்துவிடுவார்கள்.

பேஸ்புக் பற்றியும் வட்ஸ்அப் பற்றியும் நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அவை துணைக்கு நல்லவை. ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டும்: அறிக்கையைப் படமாக எடுத்துப் பதிவிடுவது. படத்துக்குள் இருக்கும் சிங்கள எழுத்தைச் சாதாரண பாவனையாளர் எளிதாகப் பிரதி எடுத்து மொழிபெயர்க்க முடியாது, கண் தெரியாதவரின் வாசிப்புக் கருவிக்கும் அது வெற்றுப் படம்தான், தேடினாலும் கிடைக்காது. எழுத்தாகப் போட்டால் குறைந்தபட்சம் பேரப்பிள்ளை அதை ஒரு செயலியில் ஒட்டிப் பார்ப்பாள்.

யாருக்கு எந்த மொழி

செல் புரோட்காஸ்ட்டில் இறங்குவது என்று முடிவானால் உடனே எழும் கேள்வி இது. மூன்று தெரிவுகள் இருக்கின்றன.

கைத்தொலைபேசியின் மொழி அமைப்பைப் பார்த்துக் காட்டுவது ஒன்று. அமெரிக்காவில் 2019 முதல் ஸ்பானிய எச்சரிக்கை இப்படித்தான் வருகிறது: கருவி ஸ்பானியத்தில் இருந்தால், அனுப்பியவர் ஸ்பானியத்திலும் எழுதியிருந்தால், ஸ்பானியத்தில் தெரியும். பார்க்க நேர்த்தியான ஏற்பாடு. நம் ஊருக்கு இது பொருந்தாது. மலையகத்தில் எத்தனை பேரின் கைத்தொலைபேசி தமிழில் அமைந்திருக்கிறது? கடையில் வாங்கும்போதே ஆங்கிலத்தில் இருக்கிறது, அப்படியே விட்டுவிடுகிறோம். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அம்மாவின் கருவியும் ஆங்கிலத்தில்தான் கிடக்கிறது. அமைப்பை நம்பினால் அவருக்கு ஆங்கிலம் போகும், தமிழில் அனுப்பினோம் என்று பதிவேட்டில் இருக்கும்.

இடத்தைப் பார்த்து முடிவெடுப்பது இரண்டாவது: யாழ்ப்பாணத்துக்குத் தமிழ், மாத்தறைக்குச் சிங்களம். மலை மாவட்டங்களில் இது முற்றாகத் தோற்கும். மேலே தோட்டம், கீழே சிங்களக் கிராமம், பஸ் நிலையத்தில் முஸ்லிம் வியாபாரி, எல்ல என்ற சுற்றுலா ஊரில் வெளிநாட்டுப் பயணி; எல்லோரும் ஒரே கோபுரத்தின் கீழ். யாழ்ப்பாணத்திலும் விகாரைக்கு வந்த பயணிகளும் முகாமில் இருக்கும் சிப்பாய்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிங்களம் வேண்டும்.

மிச்சம் இருப்பது, எல்லா மொழியையும் ஒரே செய்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பது. கனடாவில் மத்திய அரசின் வானிலை எச்சரிக்கை ஆங்கிலமும் பிரெஞ்சுமாக இப்படி வருகிறது. திரை நீளும், இரண்டாவது மொழிக்காரர் உருட்டிப் பார்க்க வேண்டும் என்பது குறைதான். அதைக் குறைக்க வழி இருக்கிறது. முதல் வரியில் மூன்று மொழியிலும் இரண்டே சொல் தலைப்பு, அதன்கீழ் விவரம். தோட்டப் பிரிவுகள் அதிகமுள்ள கோபுரங்களுக்குத் தமிழை மேலே வைக்கலாம், மற்ற இடங்களில் சிங்களத்தை. எந்த மொழி மேலே என்ற சண்டையை மழை நாளில் போட முடியாது, அதையும் முன்பே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். என் தெரிவு இதுதான்.

கடைசிக் கல்தொலைவு

இவ்வளவும் சரியாக நடந்தாலும் பகல் பதினொரு மணிக்கு மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் செய்தி போகாது. மழை நேரத்தில் கைத்தொலைபேசியை நனையவிடாமல் லயத்திலேயே வைத்துவிட்டு வந்திருப்பார். வீட்டில் ஒரே கருவி என்றால் அது கணவரிடமோ கொழும்பில் வேலை செய்யும் மகனிடமோ இருக்கும். அவரை எட்டக்கூடியவர் அந்த மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. இரவில் எட்டக்கூடியது கோயில் ஒலிபெருக்கி. மின்சாரம் போனால் அதுவும் ஊமை. ஆகவே மின்கலத்தில் இயங்கும் கையடக்க ஒலிபெருக்கி ஒன்று ஒவ்வொரு லயத் தொகுதிக்கும் வேண்டும்.

பங்களாதேசத்தில் 1970 போலாப் புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 1972-இல் புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள். கொடி கட்டுகிறார்கள், கை ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போகிறார்கள், பெண்களிடம் பெண் தொண்டர் போய்ப் பேசுகிறார். அந்த நாட்டில் புயலில் சாவது வெகுவாகக் குறைந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தொண்டர் உள்ளூர்க்காரர் என்பதால் மொழிபெயர்ப்பு என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

மனித வாயை நம்புவதில் ஒரு ஆபத்தும் உண்டு. வாய் மாறும்போது செய்தி மாறும். பிரதேச செயலகத்தில் சிவப்பாக இருந்தது நாலாவது ஆளிடம் “கவனமாக இருக்கட்டுமாம்” ஆகிவிடும். கிராம உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்டதைத் தோட்ட அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, அவர் தமிழாக்குகிறார் என்றால் மொழிபெயர்ப்பாளர் யார்? எந்தப் பயிற்சியும் தராமல், எந்தப் பொறுப்பும் ஒப்படைக்காமல், கணக்கப்பிள்ளையை அந்த வேலைக்கு நிறுத்தியிருக்கிறோம். இங்கேயும் ஆயத்த வாசகமே கைகொடுக்கும். செல் புரோட்காஸ்ட்டில் போகும் அதே வாக்கியங்கள், அட்டையில் அச்சாகி ஒலிபெருக்கியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். படிப்பவர் சொந்தமாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. வானொலியும் அதே வாக்கியங்களையே வாசிக்கட்டும். கைத்தொலைபேசியில் கண்டதை வானொலியில் கேட்டு, அதையே கோயிலில் இருந்தும் கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். தோட்ட முகாமையாளரை நினைத்து “துரை சொன்னாரா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்கும் நேரம் மிச்சமாகும்.

செய்தி வந்தவர் திருப்பிக் கேட்கவும் வழி வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு இரவில் அழைப்பவரிடம் தமிழில் பேச ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். தமிழில் எச்சரித்துவிட்டு, தமிழில் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அடுத்த எச்சரிக்கைக்கு மதிப்பு இருக்காது. ஆபத்து நீங்கியது என்ற செய்தியும் அதே மொழிகளில், அதே வழியில் வர வேண்டும். வெளியேறியவர்கள் மழை விட்டதும் ஆடு மாட்டைப் பார்க்க, உடுப்பு எடுக்க என்று திரும்புகிறார்கள். ஊறிய மலை மழை நின்ற பிறகும் சரியும். திரும்பாதீர்கள் என்பதற்கும், இனித் திரும்பலாம் என்பதற்கும் தனித்தனி வாசகம் வேண்டும்.

எதை முதலில்

பணம் அளவாகத்தான் இருக்கும். வரிசை கேட்டால் நான் இப்படி வைப்பேன். முதலாவது வாசகங்களும் இடப்பெயர்ப் பட்டியலும். இதற்குக் கருவி வேண்டாம், தமிழும் சிங்களமும் மலையும் தெரிந்த சிலரின் உழைப்பு போதும். அடுத்து அச்சிட்ட அட்டையும் கை ஒலிபெருக்கியும். மூன்றாவது, 24 மணி நேரத் தமிழ் உத்தியோகத்தர், எச்சரிக்கை மையத்திலும் 117-இலும். செல் புரோட்காஸ்ட்தான் அதிகம் செலவாகும், வலையமைப்பு நிறுவனங்கள் எல்லாம் சேர வேண்டும், காலம் பிடிக்கும். அதற்கான வேலையை இன்றே தொடங்கலாம், ஆனால் அது வரும் வரை மற்றவற்றை நிறுத்தி வைக்கக்கூடாது. இயந்திர மொழிபெயர்ப்பைக் கடைசியில், தமிழ் உத்தியோகத்தரின் கையில் ஒரு வரைவுக் கருவியாக மட்டும் தருவேன்.

வாசகங்களுக்கு ஒப்புதல் தருவது அதிகாரிகள். அதற்கு முன்பு லயங்களில் வாசித்துக் காட்ட வேண்டும். விளங்கியதா என்று கேட்டால் எல்லோரும் விளங்கியது என்றுதான் சொல்வார்கள். “இது இப்போது வந்தால் என்ன செய்வீர்கள், எந்தப் பாதையால் போவீர்கள், நடக்க முடியாதவரை யார் தூக்குவது?” என்று கேட்க வேண்டும். பதில் வீட்டுக்கு வீடு மாறினால் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். இரண்டாவது இடைப்பருவ மழை ஒக்டோபரில் தொடங்கும். அட்டைகள் செப்டெம்பர் முடிவதற்குள் தோட்டங்களுக்குப் போய்ச் சேர வேண்டுமானால், வாசித்துக் காட்டும் வேலை ஜூலைக்குள் முடிய வேண்டும்.